சிங்க் அலமாரி உப்பினால்: ஈரம் தெரியும் இடத்தை வைத்துச் சரிசெய்யும் வழி

சிங்குக்குக் கீழே அலமாரிப் பலகை உப்பியதும் எல்லோரும் முதலில் ஆசாரியைத்தான் கூப்பிடுகிறோம். அவர் கெட்ட பலகையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டு, மேலே மைக்கா ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார். பார்க்க நன்றாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று போனதும் அதே இடம் மறுபடி உப்பும். அவர் வேலையில் குறை இருக்காது. தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று யாரும் பார்க்காமலே பலகை மாறியிருக்கும்.

அந்த அலமாரிக்குள் தண்ணீர் வர ஐந்து வழிகள்தான் உண்டு: நல்ல தண்ணீர் வரும் குழாய், கழிவு நீர் இறங்கும் குழாய், மேடை மேலிருந்து வழிவது, பின்சுவர், தரை. ஒவ்வொன்றும் பலகையில் ஒவ்வொரு இடத்தில் அடையாளம் விடும். அந்த இடத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. புதுச்சேரி, கடலூர் மாதிரி கடலோர ஊர்களில் கடைசி இரண்டு வழிகளும் அதிகம் ஏமாற்றும். பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "குழாயெல்லாம் சரியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொன்னதும் உண்மைதான். ஈரம் மட்டும் போகாது.

தொடங்கும் முன்

அலமாரியை முழுக்கக் காலி செய்யுங்கள். உள்ளே ஆர்.ஓ. ஃபில்டருக்கோ வேறு எதற்கோ பிளக் இருந்தால், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மின்பெட்டியில் அந்த லைனுக்கான எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஈரப் பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வேலை செய்யப்போகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள்.

உள்ளே கண்டதைக் கண்டபடி போட்டோ எடுத்து வையுங்கள், கறை, உப்பல், பூசணம் எல்லாம் தெரியும்படி. வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரருக்குக் காட்டவும் அது வேண்டும். பிறகு குழாய், சிங்கின் அடிப்பக்கம், சுவர், பலகை என்று எல்லாவற்றையும் காய்ந்த துணியால் துடைத்து, தரைப் பலகை முழுக்கப் பழைய செய்தித்தாளை விரித்துவிடுங்கள். இனி விழும் ஒவ்வொரு சொட்டும் தாளில் தெரியும். ஒரு டார்ச், கொஞ்சம் டிஷ்யூ பேப்பர், கொஞ்சம் மஞ்சள் தூள். மஞ்சள் எதற்கு என்று பின்னால் வரும்.

குழாயைத் திறக்காத நேரத்திலும் ஈரம்

இரவு படுக்கும்போது தாள் காய்ந்திருக்கிறது, காலையில் யாரும் சிங்கைத் தொடும் முன்பே நனைந்திருக்கிறது என்றால், சந்தேகம் நல்ல தண்ணீர்க் குழாய் மேல்தான். அந்தக் குழாயில் எப்போதும் அழுத்தம் இருப்பதால் அது நேரம் காலம் பார்க்காமல் சொட்டும்.

சொட்டு விழும் இடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். தண்ணீர் குழாயை ஒட்டியே வழிந்து வந்து, எங்கே தாழ்வாக இருக்கிறதோ அங்கேதான் சொட்டும். அதனால் மேலிருந்து கீழே போங்கள். காய்ந்த டிஷ்யூவை முதலில் தண்ணீர் டேப்பின் அடித்திருகில், அப்புறம் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வளையும் குழாயான கனெக்ஷன் பைப்பின் மேல் நட்டில், கீழ் நட்டில், சுவரில் பொருத்திய சின்ன வால்வான ஆங்கிள் காக்கின் பிடியைச் சுற்றி, கடைசியாக அது சுவருக்குள் போகும் இடத்தில் ஒற்றிப் பாருங்கள். முதலில் நனைவதுதான் மூலம். அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் வெறும் வழி.

கனெக்ஷன் பைப்பின் நட்டில் கசிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரைப் பாருங்கள். விறைத்துப்போயிருந்தால் மாற்ற வேண்டியதுதான். அந்த இடத்தில் டெஃப்லான் டேப் சுற்றுவதால் பயனில்லை, அடைப்பது வாஷர்தான். கையால் இறுக்கிவிட்டு ஸ்பேனரால் கால் சுற்று போதும். அதற்கு மேல் முறுக்கினால் வாஷர் நசுங்கி மறுபடி சொட்டும். ஆங்கிள் காக் சுவரில் இறங்கும் மரைக்குத்தான் டெஃப்லான் டேப் வேண்டும். மரையின் நுனி உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் போகும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது டேப் உருண்டு வெளியே வந்துவிடும்.

போர் தண்ணீர் உப்பாக வரும் வீடுகளில் ஆங்கிள் காக் பாறை மாதிரி இறுகியிருக்கும். பலம் போட்டுத் திருப்பாதீர்கள். உடைந்தால் சமையலறை குளமாகிவிடும். மாடியில் டேங்க் பக்கத்தில் இருக்கும் வால்வை மூடி, சிங்க் டேப்பைத் திறந்து குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீரை வடியவிட்டு, அதன் பிறகு தொடுங்கள்.

மேலே கம்பி பின்னிய கனெக்ஷன் பைப்பில் பழுப்புப் புள்ளியோ அறுந்த இழையோ தெரிந்தால், கசிவு இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். இது பல வீடுகளில் நடக்கிறது, காரணமும் அதே அலமாரிக்குள்தான் இருக்கிறது. பாத்ரூம் கழுவும் ஆசிட் பாட்டிலை இங்கேதான் வைக்கிறோம். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அதிலிருந்து ஆவி கசியும். அது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவி. எவர்சில்வர் கம்பியையும் அரிக்கும், சிங்கின் அடிப்பக்கத்தையும் விடாது. ஏற்கெனவே உப்புக் காற்று வேறு. ஆசிட் பாட்டிலுக்கு அந்த அலமாரியில் இடமே கொடுக்காதீர்கள்.

ஆர்.ஓ. இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் பாருங்கள். ஃபில்டர் ஓடும் நேரத்தில் மட்டும் தாள் நனைகிறதா? அப்படியானால் அதற்குத் தண்ணீர் பிரித்துவிடும் சின்ன வால்வு, அதோடு பொருத்திய மெல்லிய டியூப், இல்லாவிட்டால் கழிவு நீர் டியூப், இவற்றில் ஒன்றில்தான் கசிவு. புதுச்சேரி லாஸ்பேட்டையில் என் அக்கா வீட்டில், கழிவு டியூப் வேஸ்ட் பைப்பிலிருந்து நழுவிப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபில்டர் ஓடும்போதெல்லாம் பின்சுவரை நனைத்திருக்கிறது. சுவரில் ஈரம் என்று கொத்தனாரிடம் பேசி முடித்திருந்தார்கள். டியூபை மறுபடி சொருகி ஒரு கிளிப் போட்டதோடு வேலை முடிந்தது.

பாத்திரம் கழுவும்போது மட்டும் ஈரம்

இது கழிவுக் குழாய்ப் பக்கம். சோதனை எளிது. சிங்கின் வாயை அடைத்து முக்கால் அளவு தண்ணீர் நிரப்பி, 10 நிமிடம் விடுங்கள். அப்போதே கீழே சொட்டினால், சிங்கின் துளையில் பொருத்தும் வேஸ்ட் கப்ளிங் சிங்கோடு சேரும் இடத்தில் கோளாறு. அப்போது காய்ந்திருந்து, அடைப்பை எடுத்து ஒரேயடியாகத் திறந்துவிடும்போது சொட்டினால் கப்ளிங்குக்குக் கீழே, பாட்டில் டிராப்பிலோ (வாடை மேலே வராமல் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும் கிண்ணம்) பைப்பிலோ கோளாறு. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் போனால் ஒன்றுமில்லை, மொத்தமாகத் திறந்தால் மட்டும் ஈரம் என்றால் இன்னொரு பொருள் உண்டு: கீழே எங்கோ பாதி அடைப்பு இருக்கிறது, வேகமாக வரும் தண்ணீர் போக வழியில்லாமல் தரைத் துளையில் சொருகிய பைப்பின் வாய் வழியாக மேலே ததும்புகிறது. அதற்கு வாஷர் மாற்றிப் பயனில்லை. அடைப்பை எடுக்க வேண்டும்.

மஞ்சள் தூள் இங்கேதான் உதவும். வெள்ளைத் தாளில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக் காயவைத்து, சந்தேகப்படும் இடத்துக்குக் கீழே வையுங்கள். பாத்திரம் கழுவும் சோப்புக் கட்டியில் சோடா உப்பு இருப்பதால் அந்தத் தண்ணீர் பட்டதும் மஞ்சள் சிவக்கும். சிவப்புப் புள்ளி விழுந்தால் அது கழிவு நீர். வெறுமனே நனைந்து மஞ்சளாகவே இருந்தால் நல்ல தண்ணீராக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதலில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டை அந்தத் தாளில் விட்டு, அதுவே சிவக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் வரும் திரவச் சோப்புக்கு இது சரியாக வேலை செய்யாது. அதனால் சோதனைக்கு மட்டுமாவது கட்டிச் சோப்பைக் கரைத்து ஊற்றுங்கள்.

கப்ளிங்கில் கசிவு என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். வெளியே எம்-சீல் (பிசைந்து ஒட்டும் பசை) அப்பிவிடுவது நம்மூரில் பழக்கமாகிவிட்டது. சில மாதம் நிற்கும். பிறகு விரிசல் விடும். அடுத்த முறை கழற்றப் போனால் சிங்கையே வளைக்க வேண்டியிருக்கும். கழற்றி, பழைய அழுக்கையும் பசையையும் சுரண்டி, புது ரப்பர் வாஷர் போட்டு, மேல் தட்டின் அடியில் சிலிக்கான் மெல்லிய வளையமாக இட்டு இறுக்குங்கள். சில நூறு ரூபாயில் கப்ளிங்கே புதிதாகக் கிடைக்கும். பழையது அரித்திருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இந்தக் கழிவுப் பைப் இணைப்புகள் தளர்வதற்கு நம் சமையலே ஒரு காரணம். சோறு வடித்த கொதிகஞ்சியை அப்படியே சிங்கில் ஊற்றுகிறோம். பி.வி.சி. அந்தச் சூட்டைத் தாங்காது. 60 டிகிரிக்கு மேல் போனாலே இளக ஆரம்பித்துவிடும். சுருள் பைப்பாக இருந்தால் தொங்கிப்போகும், மரை இளகும், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இணைப்பு விலகும். போதாததற்குக் கஞ்சியும் எண்ணெயும் சேர்ந்து உள்ளே படியும். கஞ்சியை ஆறவைத்து ஊற்றுங்கள், முடியாவிட்டால் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதோடு சேர்த்து ஊற்றுங்கள். இந்த ஒரு பழக்கம் மாறினால் பைப் பல வருடம் கூடுதலாக நிற்கும்.

கதவின் மேல் ஓரமும் முன்பக்கச் சட்டமும் உப்பியிருந்தால்

உள்ளே தரைப் பலகை நன்றாக இருக்கிறது, கதவின் மேல் விளிம்பில் மட்டும் மைக்கா பிரிந்து நிற்கிறது. இது மேடையிலிருந்து வழியும் தண்ணீர். கிரானைட்டின் முன் விளிம்புக்கு வந்த தண்ணீர் கீழே சொட்டாமல், கல்லின் அடிப்பக்கத்தை ஒட்டியே உள்ளே நழுவி முன்சட்டத்தில் இறங்குகிறது. கல்லின் அடியில், விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி, நீளவாக்கில் ஒரு மெல்லிய பள்ளம் வெட்டியிருந்தால் தண்ணீர் அங்கேயே அறுந்து விழும். ஜன்னல் சன்ஷேடில் கொத்தனார் போடும் அதே பள்ளம்தான். சமையல் மேடைக்கு அதை யாரும் போடுவதில்லை. இப்போது கட்டரை வைத்து வெட்டினால் வீடெல்லாம் தூசி. அதற்குப் பதிலாக, கல்லின் அடியில் அலுமினியப் பட்டை ஒன்றையோ சிலிக்கானால் ஒரு வரம்பையோ நீளமாக ஒட்டிவிட்டாலும் அதே வேலை நடக்கும்.

சிங்கும் கல்லும் சேரும் இடத்தையும் பாருங்கள். அங்கே சிலிக்கான் கறுத்து, ஓரம் தூக்கியிருந்தால் சிங்கின் வெளிச்சுவரை ஒட்டித் தண்ணீர் இறங்கும். பழைய சிலிக்கான் மேல் புதியது ஒட்டாது, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவைத்து, புளித்த வாடை வராத நியூட்ரல் வகை சிலிக்கானைப் போடுங்கள். அது கல்லையும் உலோகத்தையும் கெடுக்காது. 24 மணி நேரம் அந்தச் சிங்கில் தண்ணீர் விழக் கூடாது. மாலையில் பாத்ரூம் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொள்ளலாம்.

பின்பக்கம் மட்டும் ஈரம், சுவரில் உப்புப் பூத்திருக்கிறது

அலமாரியின் பின்பலகை நடுவில் கறுத்து, அதை எடுத்தால் சுவரில் பெயின்ட் உரிந்து வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். தண்ணீர் சுவர் வழியாக வருகிறது. வெளியிலிருந்தா, உள்ளே புதைத்த குழாயிலிருந்தா என்பதுதான் கேள்வி.

ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளை வெட்டி, சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் முத்து முத்தாக ஈரம் நின்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம்தான் நனைந்திருக்கிறது என்றால் அது அலமாரிக்குள் அடைபட்ட காற்றின் ஈரம். காற்றோட்டம் கொடுத்தால் போகும்.

சுவர்தான் என்று தெரிந்தபின், எந்த மாதத்தில் ஈரம் என்று யோசியுங்கள். சித்திரை வெயிலிலும் ஈரம் இருந்தால் குழாய். எல்லாத் தண்ணீர் டேப்பையும் மூடிவிட்டு மீட்டர் இருந்தால் அது ஓடுகிறதா என்று பாருங்கள். மீட்டர் இல்லாவிட்டால் சமையலறை லைனுக்கான வால்வை மாடியில் இரண்டு மூன்று நாள் முடிந்தவரை மூடிவைத்து, ஈரம் குறைகிறதா என்று பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருந்தால் அதையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள். டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீர் இந்தப் பக்கம் வந்து நிற்கும்.

மழை மாதத்தில் மட்டும் ஈரம் என்றால் வெளிச்சுவர். வடகிழக்குப் பருவமழை இங்கே கடல் பக்கத்திலிருந்து காற்றோடு அடிக்கும். கிழக்கும் வடக்கும் பார்த்த சுவர்கள்தான் முதலில் குடிக்கும். வெளிப்பூச்சில் மயிரிழை விரிசல், கழிவுக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் பூசாமல் விட்ட இடைவெளி, இவை இரண்டும் போதும். குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை வெளியிலிருந்து அடையுங்கள். உள்ளிருந்து அடைத்தால் தண்ணீர் சுவருக்குள்ளேயே தங்கி வேறு இடத்தில் வெளிவரும். விரிசலையும் கோடையில், சுவர் காய்ந்திருக்கும்போது நிரப்பி, வெளிப்பக்கம் வாட்டர் ப்ரூஃப் பூச்சு கொடுங்கள்.

இப்படிப்பட்ட சுவரின் முன்னால் பின்பலகையே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சிங்க் அலமாரிக்குப் பின்பலகை எதையும் தாங்குவதில்லை. அது இல்லாவிட்டால் சுவரும் மூச்சுவிடும், கசிவும் கண்ணில் படும்.

கீழே 3 அங்குலம் மட்டும் உப்பியிருந்தால்

பக்கப் பலகைகளின் அடி, கதவின் கீழ் ஓரம், முன் ஸ்கர்ட்டிங் (தரையை ஒட்டிய மறைப்புப் பட்டை) ஆகியவை ஒரே மட்டத்தில் உப்பியிருந்தால் அது தரைத் தண்ணீர். சமையலறையை வாளித் தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளுவது நம் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. பலகை நேராகத் தரையில் நின்றால் வெட்டிய விளிம்பு வழியாக அந்தத் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். மைக்கா முகத்தில் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது, அடியில் மரம் அம்மணமாக நிற்கிறது.

இதற்கு முழு அலமாரியையும் மாற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் தேவையில்லை. உப்பிய இடத்துக்கு ஓர் அங்குலம் மேலே கோடு போட்டு, அடிப்பகுதியை ஒரே மட்டமாக அறுத்துவிட்டு, 4 அங்குல பி.வி.சி. கால்களைப் பொருத்தலாம். உயரம் கூட்டிக் குறைக்கத் திருகு உள்ள கால்களே கடைகளில் கிடைக்கும். அறுத்த விளிம்புக்கு எபாக்ஸி பெயின்டோ வாட்டர் ப்ரூஃப் பசையோ இரண்டு கோட். முன்னால் ஸ்கர்ட்டிங்கை ஆணியடிக்காமல் கிளிப்பில் மாட்டினால் வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவலாம்.

ஆனால் அறுக்கும் முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: மேலே கிரானைட் எதன் மேல் நிற்கிறது? பழைய வீடுகளில் செங்கல் சுவரோ நிறுத்திவைத்த கடப்பா கல்லோ அதைத் தாங்கும். அங்கே பயமில்லை. புதிய மாடுலர் கிச்சன்களில் அலமாரியின் பக்கப் பலகைகளே கல்லைத் தாங்கும். அப்படி இருந்தால் முட்டுக் கொடுக்காமல் பலகையைத் தொடக் கூடாது. சிங்குக்காக வெட்டிய கல் முன்னும் பின்னும் மெல்லிய பட்டையாகத்தான் நிற்கிறது, கொஞ்சம் தாழ்ந்தாலும் அந்த மூலையில் பிளக்கும். இது தனியாகச் செய்யும் வேலை இல்லை.

பெருமழையில் தரைத் துளையிலிருந்து தண்ணீர் மேலே வந்தால்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து வந்த நீர் தென்பெண்ணையில் பெருகிக் கடலூரைச் சூழ்ந்தது. அந்த மாதிரி நேரத்தில் தெருச் சாக்கடை நிரம்பினால், தரைமட்டத்து வீடுகளில் சிங்க் கழிவு இறங்கும் துளை வழியாகவே தண்ணீர் திரும்பி வரும்.

அது சாக்கடை நீர். அதில் ஊறிய பார்ட்டிகிள் போர்டையும் (மரத்தூள் பலகை) எம்.டி.எஃப்.ஐயும் (மரநார்ப் பலகை) காயவைத்துக் காப்பாற்ற முயல வேண்டாம், எடுத்து வெளியே போடுங்கள். தரையையும் சுவரையும் முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி, அப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைசல். கையுறை, மாஸ்க், திறந்த ஜன்னல், மூன்றும் வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட் ஒரு சொட்டுகூடச் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவருக்கு அது உயிராபத்து.

அடுத்த மழைக்குள் வெளியே போகும் கழிவுக் குழாயில் திரும்பிவராமல் தடுக்கும் வால்வு ஒன்று போடச் சொல்லி பிளம்பரிடம் கேளுங்கள். தண்ணீர் வெளியே போகும்போது திறந்து, உள்ளே வரும்போது தானாக மூடிக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன் அதில் சிக்கிய குப்பையை எடுத்துவிட வேண்டும்.

ஈரமே இல்லை, வாடை மட்டும்

சாக்கடை வாடை என்றால் பைப் தரைக்குள் இறங்கும் வாயைப் பாருங்கள். பல வீடுகளில் சுற்றிலும் திறந்தே கிடக்கும். கரப்பானும் அதே வழியில்தான் வருகிறது. அளவான ரப்பர் வளையம் ஒன்றைச் சொருகுங்கள். டிராப் இல்லாமல் நேர்ப் பைப்பாக இருந்தால் ஒரு பாட்டில் டிராப் வையுங்கள். ஊருக்குப் போய்ப் பல வாரம் கழித்து வந்த வீட்டில் டிராப்பில் நின்ற தண்ணீர் வற்றிப்போய் வாடை வரும், ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

மக்கிய வாடை என்றால் பூசணம். தரைப் பலகையின் அடிப்பக்கத்தைக் கைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மேலே பளிச்சென்று இருந்தாலும் அடியில் கறுத்திருக்கும்.

பலகை பிழைக்குமா?

கசிவு நின்ற பிறகே இந்தக் கேள்வி. ஸ்க்ரூடிரைவர் நுனியால் பலகையை அங்கங்கே குத்திப் பாருங்கள். நுனி வழுக்கி நின்றால் பலகைக்கு உயிர் இருக்கிறது. பொதபொதவென்று இறங்கினால் போய்விட்டது.

பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்.உம் உப்பினால் மறுபடி பழைய கனத்துக்கு வராது. தூளையும் நாரையும் பசை போட்டு அழுத்தி நெருக்கிச் செய்தவை அவை. ஈரம் பட்டதும் அந்த நெருக்கம் விடுபட்டு விரிந்துவிடும், காய்ந்தாலும் விரிந்தபடியே நிற்கும். மேலே மைக்கா ஒட்டினாலும் திருகு பிடிக்காது. பிளைவுட் அப்படியில்லை. அடுக்கு பிரிந்து குமிழ் விட்டிருந்தாலும், மரம் கறுத்து மக்காமல் இருந்தால் காப்பாற்றலாம். விரல் முட்டியால் தட்டினால் டொக் டொக் என்று பொள்ளல் சத்தம் வரும் இடங்களைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள்.

காயவைப்பதற்கு அவசரம் கூடாது. கதவுகளைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை அலமாரிக்குள் பார்த்து வையுங்கள். பங்குனி வெயில் என்றால் ஒரு வாரம் பத்து நாளில் காயும். கார்த்திகையில் வெளிக்காற்றே நனைந்திருப்பதால் மூன்று வாரமும் ஆகலாம், அப்போது மேல்வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளிவைப்பதே நல்லது. ஈரம் பார்க்கும் சின்ன மீட்டர் இருந்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் தொடங்கலாம். இல்லாவிட்டால் சுவருக்குச் செய்த பாலித்தீன் சோதனையைப் பலகைக்கும் செய்யுங்கள்.

பூசணத்தைக் காய்ந்த பிரஷால் தேய்க்காதீர்கள், அதன் விதைத் தூள் வீடெல்லாம் பறக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். வீட்டில் வீசிங் உள்ளவர்கள் இருந்தால் அன்று வேறு அறையில் இருக்கட்டும்.

காய்ந்தபின், பிரிந்த பிளைவுட் அடுக்குக்குள் வாட்டர் ப்ரூஃப் மரப்பசையைச் சிரிஞ்சால் செலுத்தி, மேலும் கீழும் கட்டை வைத்து ஜி-கிளாம்பால் 24 மணி நேரம் இறுக்கி வையுங்கள். பசை வெளியே பிதுங்கும் என்பதால் கட்டைக்கும் பலகைக்கும் நடுவில் பாலித்தீன் ஒன்று. கீல் திருகு ஆடினால் துளைக்குள் எபாக்ஸியோடு மரக்குச்சியை இறுகச் சொருகி, மறுநாள் அதில் புதுத் துளை போட்டுத் திருகலாம். பார்ட்டிகிள் போர்டில் இது நிற்காது, கீலையே ஓர் அங்குலம் மேலோ கீழோ மாற்றி வையுங்கள்.

தரைப் பலகையை மாற்றும்போது

பழையதை முழுசாக வெளியே இழுக்க முடியாது, பைப் குறுக்கே நிற்கும். நடுவில் அறுத்து இரண்டாக எடுங்கள். புதியதையும் பைப் துளை நடுவில் வரும்படி இரண்டு துண்டாக வெட்டினால் பின்னாளில் கழற்றவும் எளிது.

என்ன பலகை என்பதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். கடையில் "வாட்டர் ப்ரூஃப் ப்ளை" என்று எதை வேண்டுமானாலும் காட்டுவார்கள். எம்.ஆர். என்று இருந்தால் காற்றின் ஈரத்தை ஓரளவு தாங்கும் என்றுதான் பொருள், சிங்குக்குக் கீழே அது ஆகாது. பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 710 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் தாங்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. அதைவிட, தரைப் பலகைக்கு மட்டும் டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) அல்லது பி.வி.சி. ஃபோம் போர்டு போடுவதையே நான் சொல்வேன். தண்ணீரில் கிடந்தாலும் உப்பாது, கரையானும் வராது. திருகுப் பிடிப்பு பிளைவுட் அளவுக்கு இருக்காது, பாரம் ஏற்றினால் தொய்யும். அதனால் 18 மி.மீ. கனத்தில் வாங்கி நடுவில் ஒரு கால் கொடுங்கள். கேஸ் சிலிண்டரையோ தண்ணீர்க் கேனையோ அதன் மேல் ஏற்ற வேண்டாம்.

இதற்கும் செலவு பண்ண விருப்பமில்லாதவர்கள், தரைப் பலகையே இல்லாமல் விட்டுவிடலாம். டைல்ஸ் தரை, மேலே கதவு மட்டும். முன்னால் கட்டிய வீடுகளில் மேடைக்கு அடியில் கடப்பா கல்தான் இருக்கும். குடம் கவிழ்ந்தாலும் துடைத்தால் போயிற்று.

பலகை போட்டால், சுவரிலிருந்து 5 மி.மீ. விட்டு வையுங்கள். வெட்டிய எல்லா விளிம்பையும், பைப் துளையின் உள்வட்டத்தையும் சேர்த்து, பசையாலோ எட்ஜ் டேப்பாலோ மூடுங்கள். ஆசாரிகள் முன் விளிம்புக்கு மட்டும்தான் டேப் ஒட்டுவார்கள். "அண்ணே, பின்னாடியும் அடியிலயும் ஒட்டிடுங்க" என்று முன்கூட்டியே சொல்லுங்கள், ஒட்டிக் கொடுப்பார்கள். பொருத்திய பிறகு யாருக்கும் அது தோன்றாது.

எல்லாம் முடிந்ததும் பாத்திரங்களை உடனே அடுக்கிவிடாதீர்கள். புதுப் பலகை மேல் மறுபடி செய்தித்தாள் விரித்து ஒரு வாரம் சமையலறையை வழக்கம்போலப் புழங்குங்கள். கஞ்சி வடியுங்கள், சிங்கை நிரப்பித் திறந்துவிடுங்கள், தரையைக் கழுவுங்கள். தாள் காய்ந்தே இருந்தால் அடுக்கலாம். நனைந்தால், எந்த மூலையில் நனைந்தது என்று பார்த்து, மேலே அந்த இடத்துக்கான பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.